வீட்டுக்கல்வியில் வீடு என்பது யார்?

"நாங்க குழந்தைகளுக்கு ஹோம்ஸ்கூலிங் பண்றோம்" என்று என் இணையர் கூடத்தில் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். ஒரு கண் அடுப்பிலிருந்த பாலின்மேல், இன்னொரு கண் சமையல் மேடையில் உட்கார்ந்து 'ழ' எழுதிக்கொண்டிருந்த மகனின் நோட்டின்மேல். 'நாங்க' என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு கண்களும் கூடத்துப் பக்கம் போய்விட்டன. பால் பொங்கி வழிந்தது. துடைத்ததும் அந்த 'நாங்க'தான்.

அது எங்கள் வீட்டுக்கல்வியின் இரண்டாவது வாரம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்துக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மகனுக்கு ஆறு. கோவையில் இருவரும் ஒரே தனியார் பள்ளியில் படித்தார்கள். மகளுக்கு வேகமாக வாசிக்க வராது. எழுத்துகள் இடம் மாறும், வரி தவறும். இதற்கு அந்தப் பள்ளி கண்டுபிடித்த வைத்தியம், அவளை ஒன்றாம் வகுப்பில், தம்பியின் பெஞ்சிலேயே கொண்டுபோய் உட்காரவைப்பது. "தம்பிகிட்ட கத்துக்கோ." இரண்டு வாரம் இது நடந்திருக்கிறது. எங்களுக்கு அவள் சொல்லவில்லை; அவளுடைய வயிறுதான் சொன்னது. தினமும் காலை ஏழரைக்கு வாந்தி. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். "நீங்களும் டீச்சர்தானே மேடம், உங்களுக்கே தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். காலாண்டு விடுமுறை முடிந்தபோது இரண்டு பேரையும் நாங்கள் திரும்ப அனுப்பவில்லை.

அந்த முடிவை உண்மையிலேயே இருவரும் சேர்ந்துதான் எடுத்தோம். பல இரவுகள் பேசினோம். எந்தப் பாடத்திட்டம், எந்தப் புத்தகம், பதினான்கு வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கலாமா என்பது வரை பேசினோம். வீட்டில் யார் இருப்பது என்பதை மட்டும் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. அதில் பேச என்ன இருக்கிறது? நான் பொறியியல் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகக் கணிதம் நடத்தியவள். அவர் மென்பொருள் நிறுவனத்தில் என் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு வாங்குபவர். கணக்கு நேராகத்தான் இருந்தது. பெண்களின் சம்பளம் குறைவு என்பதால் பெண்கள் வேலையை விடுகிறோம். எப்படியும் விட்டுவிடுவார்கள் என்பதால் நமக்குச் சம்பளம் குறைவு. வகுப்பில் ஒரு மாணவி இப்படிச் சுற்றிவந்து நிரூபணம் எழுதினால் சுழித்துவிடுவேன். என் வாழ்க்கையில் அதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.

முதல் வாரம் நான்கு வண்ணங்களில் ஒரு கால அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டினேன். மூன்றாம் நாள் அது கிழிந்து தொங்கியது. மகள் பகலெல்லாம் தூங்கினாள். மகன் "லீவு எப்பம்மா முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் வாந்தி நின்றது. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, ரேஷன் கடை வாசலில் நிற்கும்போது, யாரும் கேட்காமல் மகள் பலகையை வாய்விட்டு வாசித்தாள்: பச்சரிசி, புழுங்கலரிசி, துவரம் பருப்பு, பாமாயில். தப்பில்லாமல், நிதானமாக. அந்த நிமிடத்துக்காக நான் எதையும் விட்டுக்கொடுப்பேன் என்று தோன்றியது. இந்தக் கட்டுரைக்கே அந்த எண்ணம்தான் காரணம். 'எதையும் விட்டுக்கொடுப்பேன்' என்று ஒரு அம்மா நினைக்கும்போது, அந்த 'எதையும்' என்ன என்று பக்கத்தில் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

நானே எழுதினேன். மூன்றாவது வாரம் முழுக்க ஒரு பழைய நோட்டில் நேரம் குறித்தேன். குழந்தைகளோடு உட்கார்ந்து படித்தது சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வீட்டுக்கல்வி என்று படமெடுத்துக் காட்டுவதெல்லாம் அவ்வளவுதான். மீதி? பள்ளிக்கூடம் இருந்தவரை மதியம் இல்லாத சமையல், இரண்டு முறை நொறுக்குத்தீனி, பெயிண்ட் துடைப்பு, சண்டை விலக்கு, அடுத்த நாள் பாடத்துக்கு இரவில் தயாரிப்பு. பள்ளியில் ஆயா, வாட்ச்மேன், கிளார்க், டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸ் என்று ஐந்து பேர் ஐந்து சம்பளத்துக்குச் செய்வதை வீட்டில் ஒருத்தி சம்பளமில்லாமல் செய்கிறாள். எனக்கென்று, கதவைச் சாத்திக்கொண்டு, கிடைத்த நேரம் ஏழு நாளில் நாற்பது நிமிடம். அதில் பாதி குளியல்.

என் ஒருத்தியின் நோட்டு மட்டும் இப்படிச் சொல்லவில்லை. 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள்: 289, 88. ஐந்து ஆண்டுகளில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது. அவர்களும் சளைக்காமல் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கல்விக்குப் போகும் குடும்பங்களில் இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும். பள்ளிகளைக் கலைத்த சமூகம் பற்றி 1971இல் நூல் எழுதிய இவான் இல்லிச். பிள்ளைகளுக்கு நீங்களே கற்றுக்கொடுங்கள் என்று 1981இல் எழுதிய ஜான் ஹோல்ட். இரண்டு பேரையும் படித்திருக்கிறேன். பள்ளியைப் பற்றி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒருவர் பாதிரியாராக இருந்தவர், மற்றவர் மணமே செய்துகொள்ளாதவர். இருவருக்கும் குழந்தைகள் இல்லை. குழந்தை பெற்றவர்தான் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்பதல்ல. ஆனால் பள்ளியை மூடிய மறுநாள் காலை இட்லிக்கு யார் ஊற்றுவது என்ற கேள்வி அவர்கள் வீட்டில் எழவில்லை. இல்லிச்சுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், 1981இல் வந்த 'நிழல் உழைப்பு' நூலில் கூலி வேலைக்கு அடியில் கூலியின்றிக் கிடக்கும் உழைப்பைப் பற்றி, வீட்டு வேலையையும் சேர்த்து, அவர் எழுதினார். நம்முடைய கூட்டங்களில் அந்தப் புத்தகத்தை யாரும் தூக்கிக் காட்டி நான் பார்த்ததில்லை.

கூட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்காவது வாரம் இதே போன்ற குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்குப் போனோம். அப்பாக்கள் நாற்காலியில் வட்டமாக உட்கார்ந்து குழந்தைமையின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். மிக நன்றாகப் பேசினார்கள். நாங்கள் பின்னால் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தோம். என் பக்கத்திலிருந்த பெண்ணிடம், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சிவில் இன்ஜினியர்" என்றார், ஊறுகாய் பாட்டிலைத் திறந்துகொண்டே.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வீட்டுக்கல்வி புதிதா என்ன? முத்துலட்சுமி ரெட்டிக்குப் பூப்பெய்தியதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. வீட்டிலேயே படித்துத் தனித்தேர்வராக மெட்ரிக் தேறினார். அதன் பிறகு ஆண்கள் மட்டுமே படித்துவந்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் வாசலைத் திறக்கவைத்து உள்ளே போனார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அவருடைய கதையில் வீடு ஒரு கற்றல் சூழல் அல்ல, தாண்ட வேண்டிய வாசல்படி. என் அப்பத்தாவுக்கு அந்தப் படியைத் தாண்ட வாய்க்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் வேலையை விட்டதைக் கேட்டுவிட்டு, "படிச்ச படிப்பெல்லாம் ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கறதுக்கா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இல்லிச்சிடமிருந்து மேற்கோள் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலை உணவும் மதிய உணவும் அங்கேயே. "ஸ்கூல் இருக்கறதாலதான் நான் நாலு ஊட்டுக்குப் போக முடியுது" என்றார் ஒருநாள், என் பிள்ளைகள் தரையில் பரப்பியிருந்த மணிகளை ஓரமாகப் பெருக்கித் தள்ளிக்கொண்டே. நான் வீட்டுக்கல்வி நடத்துவதற்கு ஒருவரின் பெரிய சம்பளமும் இன்னொரு பெண்ணின் சிறிய சம்பளமும் தேவைப்படுகின்றன. இதைச் சொல்லாமல் வீட்டுக்கல்வியைப் புரட்சி என்று பேசினால் அது பொய்.

அப்படியானால் பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பு என்கிறீர்களா? அங்கும் நம்மை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. ப்ராஜெக்ட் வெட்டி ஒட்டுவது, டைரியில் கையெழுத்துப் போடுவது, 'பேரன்ட்ஸ்' என்று பெயர் வைத்த வாட்ஸ்அப் குழுவில் பழுப்பு நிற அட்டை எங்கே கிடைக்கும் என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்பது எல்லாம் அம்மாக்கள்தான். அரசும் விதிவிலக்கல்ல. 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது மாலை வகுப்பெடுக்க வந்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அவர்கள் செய்தது அருமையான வேலை. பெண் கற்பித்தால் அதன் பெயர் தொண்டு, அதன் விலை ஊக்கம் என்று நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஐந்தாவது வாரம் பிள்ளைகள் விளையாடியதைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"என்ன விளையாட்டு?" என்றேன். "ஹோம்ஸ்கூல் விளையாட்டு" என்றாள் மகள். மகன் பரீட்சை அட்டையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு அறை மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். யாராவது பக்கத்தில் போனால் ஒரு விரலை உயர்த்தி, "மீட்டிங்" என்றான். மகள் இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு, ஒரு கையால் காலி டப்பாவைக் கிண்டி, மறு கையால் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பி, எதிரில் சாய்த்து வைத்திருந்த பொம்மையிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எத்தன தடவ சொல்றது? அப்பாவுக்கு வேல இருக்கு. சத்தம் போடாத."

என் குரல். என் பல்.

ஐந்து வாரமாக நான் பின்னம் நடத்தினேன், 'ழ' நடத்தினேன். அவர்கள் கற்றுக்கொண்டது இது. பள்ளியில் இந்தப் பாடம் நாளில் சில மணி நேரமாவது இடைவெளி விட்டிருக்கும். இங்கே காலை முதல் இரவு வரை செய்முறை வகுப்பு.

அன்றிரவு நோட்டை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். "வாரத்தில் இரண்டு நாள் உன்னுடையது" என்றேன். "மாலையில் உதவுவதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, சாப்பாட்டோடு சேர்த்து." அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இந்தக் கட்டுரை எழுதுவது சுலபம். நோட்டை நிதானமாகப் படித்தார். பிறகு, "ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்றது?" என்றார். "நான் காலேஜ்ல என்ன சொன்னேனோ அதையே சொல்லு" என்றேன். நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கவில்லை.

தோழிகளே, பள்ளியிலிருந்து பிள்ளையை எடுக்கும் முடிவில் இருப்பவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். எடுக்க வேண்டிய காரணங்கள் நிறைய உண்டு, என்னிடமும் இருந்தது. ஆனால் பாடத்திட்டத்தைப் பேசும் முன் கிழமைகளைப் பேசுங்கள். எந்தக் கிழமை யாருடையது, விடும் சம்பளத்துக்கு ஈடாக யார் பெயரில் எவ்வளவு போடப்படும், எந்த மாதத்தில் நீங்கள் வேலைக்குத் திரும்புவீர்கள் என்பதையெல்லாம் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், ராஜினாமாக் கடிதத்தை நீங்களும் கூச்சத்தோடு உள்ளே வைத்துவிடுங்கள்.

ஏழாவது வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் அவருடையவை. நான் பழைய கல்லூரியிலேயே மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் போகிறேன். முதல் செவ்வாய் மதிய இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்தபோது பதினான்கு தவறிய அழைப்புகள். கடைசியாக ஒரு செய்தி: "தோசைக்கல் எங்க வெச்ச?" பதினாறு ஆண்டுகளாக ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பதில் அனுப்பவில்லை. மாலை போனபோது மூன்று பேரும் பன் தின்று உயிரோடு இருந்தார்கள்.

அவருடைய நிறுவனம் மார்ச் வரைக்கும்தான் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏப்ரலில் என்ன செய்வது என்று இன்னும் பேசவில்லை. "அப்ப பாத்துக்கலாம்" என்கிறார். அப்போது பார்க்க மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உட்கார்கிறோம்.