50 ஆயிரம் 15 ஆயிரம் ஆனது! "மினிமம் பாலன்ஸ்" கூச்சலும் பாங்கிகளின் பதிலும்

சேமிப்புக் கணக்கில் சராசரியாக 50 ஆயிரம் ரூபாய் இருக்க வேண்டுமாம்! குறைந்தால் அபராதமாம்!

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கியின் இந்த உத்தரவு வெளியானதும் பெரும் கூச்சல் எழுந்தது. நகரங்களில் புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு 10 ஆயிரமாக இருந்த தொகை, ஒரே தாவலில் 50 ஆயிரம் ஆனது. "மாசச் சம்பளமே அவ்வளவு கிடையாதே, சும்மா போட்டு வைக்க எங்கே போறது?" என்ற கேள்வி செல்போனுக்கு செல்போன் பறந்தது.

இதெல்லாம் அந்தந்த பாங்கியே முடிவு செய்யும் விஷயம் என்று ரிசர்வ் பாங்கி கவர்னர் சஞ்சய் மல்கோத்ரா சொல்லிவிட்டார். பதில் சொல்லும் பொறுப்பு பாங்கியின் தலையிலேயே விழுந்தது.

சில நாட்களிலேயே பாங்கி இறங்கி வந்தது. நகரங்களுக்கு 15 ஆயிரம், சிறு நகரங்களுக்கு 7,500, கிராமங்களுக்கு 2,500 என்று மாற்றியது. ஆனாலும் பழைய 10 ஆயிரம் திரும்பி வரவில்லை! ரங்கநாதன் தெருவில் 500 சொல்லி 150-க்குக் கொடுக்கிற பேரம் மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும், வீம்பு பிடிக்காமல் சட்டென்று இறங்கியது புத்திசாலித்தனம்தான்.

3 ஆண்டு இழுபறி

ஸ்டேட் பாங்கி அப்படிச் செய்யவில்லை. 2017 ஏப்ரலில் பெருநகரங்களுக்கு 5 ஆயிரம் என்று விதித்து அபராதம் வசூலித்தது. ஜன்தன் கணக்குகளைப் பராமரிக்கும் செலவுக்காக என்று காரணமும் சொன்னது. அது எடுபடவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை வசூலான அபராதம் மட்டும் சுமார் 1,771 கோடி ரூபாய் என்ற கணக்கு வெளிவந்தது. ஜூலை-செப்டம்பர் காலாண்டில் பாங்கிக்குக் கிடைத்த லாபமே சுமார் 1,581 கோடிதான்! இல்லாதவனிடம் பிடுங்கிய காசு, லாபத்தையே மிஞ்சினால் யாருக்குத்தான் கோபம் வராது?

முதலில் 5 ஆயிரத்தை 3 ஆயிரம் ஆக்கினார்கள். பிறகு அபராதத்தைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில்தான் ஒரேயடியாக ரத்து செய்தார்கள். அதற்குள் கெட்ட பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ராயப்பேட்டையில் தலைமை அலுவலகம் உள்ள இந்தியன் பாங்கி 2025 ஜூலை 7-ல் இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா பாங்கி அதற்கு முந்தைய மாதமே கைவிட்டிருந்தது.

வதந்தி வேறு

புகார் வேறு, புரளி வேறு. 2003 ஏப்ரலில் குஜராத்தில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கி பற்றிப் புரளி கிளம்பி, பணம் எடுக்க மக்கள் முண்டியடித்தனர். பாங்கியின் நிலை நன்றாகவே இருக்கிறது என்று ரிசர்வ் பாங்கி அறிவித்தது. பணம் தட்டுப்படாமல் இருக்கவும் ஏற்பாடு செய்தது. கேட்டவர் கைக்குப் பணம் வந்ததும் பீதி அடங்கியது. அங்கே ரொக்கமே பதில்.

அபராதம் பற்றிய புகாருக்கு அந்த வைத்தியம் பலிக்காது. கணக்கைக் காட்ட வேண்டும், தப்பு இருந்தால் திருத்த வேண்டும். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று அச்சடித்த பதிலை அனுப்பினால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2014-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.