நடந்து பார்த்தால்தான் தெரியும்



தங்காக் வட்டாரத்தில் நடைப் பயணம் என்றதும் பலருக்கும் லேடாங் மலைதான் நினைவுக்கு வரும். 1,276 மீட்டர் உயரம். ஜொகூர் மாநிலத்திலேயே உயர்ந்த சிகரம். அனுமதி பெற்று, வழிகாட்டியோடு, விடியற்காலையில் சாகில் அடிவாரத்தில் ஏறத் தொடங்கி மாலையில் இறங்கி விடுகிற இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அது ஒரு நாள் நடை. இம்முறை நாம் பேசப் போவது பல நாள் நடையைப் பற்றி. ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழுந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து மறுபடியும் நடக்கத் தொடங்குகிற பயணம்.

மேல் நாடுகளில் இதற்கென்றே பாதைகள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். ஐந்தாறு மாதம் விடுப்பு எடுத்துக் கொண்டு அதை நடந்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஓர் ஆசை. நம் இனத்தவர் நடந்த நெடும்பாதை ஒன்றும் உண்டு. அது வயிற்றுக்காக நடந்த பாதை.

மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, பினாங்கில் வந்து இறங்கிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இன்னொரு கூட்டம் நமக்கு முன்பே இலங்கைக்குப் புறப்பட்டது. அவர்களுக்குக் கடல் வழி சிறியது. ராமேஸ்வரம் பக்கத்தில் தோணி ஏறினால் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி விடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காப்பித் தோட்டங்கள் இருந்ததோ கண்டி மலைநாட்டில். ரயில் கிடையாது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை வறண்ட காடு. அந்தக் காட்டைக் காலால்தான் கடக்க வேண்டும்.

1820-களில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போடத் தொடங்கிய பிறகு, காப்பி பழுக்கும் பருவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி வருவார். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். ஆகவே போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று அதே காட்டை இரண்டு முறை கடந்தார்கள். வழியில் தின்ற அரிசிக்கும் ஏறிய தோணிக்கும் ஆன செலவு அவரவர் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டத்தில் முதல் நாள் பெரட்டில் நிற்கும்போதே அவர்கள் கடனாளிகள். நடந்த நடைக்கும் கடன்!

1869-இல் காப்பிச் செடியின் இலையில் நோய் விழுந்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதால் குடும்பங்கள் மலையிலேயே தங்கி விட்டன. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கிய பின், அந்தக் கால்நடைப் பாதையைப் பற்றிப் பேசுவாரும் குறைந்து போயினர்.

பாதை மறந்து போனது; மனிதர்களையும் மறந்தார்கள். 1948-இல் கொண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்து கொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக் கொள்வது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் பேசி முடித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. சிவப்பு அடையாள அட்டையை வைத்துக் கொண்டு இலாகா இலாகாவாக ஏறி இறங்கிய குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் இருந்தன அல்லவா? அந்த வேதனையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மறுபடியும் நடந்தவர்கள்

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவு கூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரில் 2023-ஆம் ஆண்டு ஒரு நடைப் பயணம் நடந்தது. ஜூலை 28-இல் தலைமன்னாரில் புறப்பட்டார்கள். ஆகஸ்ட் 12-இல் மாத்தளையில் முடித்தார்கள். மொத்தம் 16 நாள், சுமார் 250 கிலோமீட்டர். தங்காக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு உள்ள தூரத்தைவிட அதிகம். நிலம், வீடு, நியாயமான கூலி, மற்றவர்களுக்குச் சமமான குடியுரிமை என்று கோரிக்கைகளை முன்வைத்துக் கொண்டே நடந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்குப் பத்து மைல். பால் மரம் வெட்டிப் பழகிய கால்களுக்கு இது ஒரு தூரமா என்று கேட்பீர்கள். முதல் நாள் யாரும் நடந்து விடலாம். நான்காம் நாள் காலையில், கொப்புளம் போட்ட காலைச் சப்பாத்துக்குள் நுழைக்கும்போதுதான் நெடுநடை என்றால் என்னவென்று தெரியும். ஆகவே தயார் செய்து கொள்ளாமல் யாரும் புறப்படக் கூடாது. அந்தத் தயாரிப்பை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கூடவே, அன்று நடந்தவர்களிடம் அதில் எது இருந்தது என்பதையும் பாருங்கள்.

கால்: எட்டு வாரத்துக்கு முன்பே பழகத் தொடங்குங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி வாரங்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் நீண்ட நடை. புதுச் சப்பாத்து வேண்டாம். பழகிய சப்பாத்துதான் நல்லது. காலுறை ஈரமானால் உடனே மாற்றுங்கள். தோல் சிவந்து எரியும் போதே பிளாஸ்திரி ஒட்டி விட்டால் கொப்புளம் வராது. வந்த பிறகு உரித்துப் போடக் கூடாது. அன்று நடந்தவர்களுக்கு இருந்தது வெறுங்கால். முள் குத்திப் புண்ணான காலோடும் கூட்டத்தை விட்டு விடாமல் நடந்தாக வேண்டும்.

தண்ணீர்: காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கையில் வைத்துக் கொண்டு, தாகம் எடுக்குமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வயிற்றுப் போக்கு கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தட்டையாக அளந்து, கலந்து கொடுத்துக் கொண்டே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். அன்று நடந்தவர்கள் வழியில் கிடைத்த குளத்திலும் பள்ளத்திலும் குடித்தார்கள். முன்னால் போன கூட்டம் அசுத்தப்படுத்திய தண்ணீரைப் பின்னால் வந்த கூட்டம் குடித்தது. காலரா அப்படித்தான் பரவியது. உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் உயிர் காக்கும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

சுமை: உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாதீர்கள். மாற்றுத் துணி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மருந்து, தண்ணீர், கொஞ்சம் உணவு போதும். அன்று குடும்பத்தோடு வந்தவர்கள் சட்டி பானை, அரிசி மூட்டை, இடுப்பில் குழந்தை என்று எல்லாவற்றையும் சுமந்தார்கள்.

ஓய்வு: அதிகாலையில் கிளம்பி, வெயில் ஏறியதும் நிழலில் தங்கி, வெயில் தாழ்ந்த பின் மிச்ச தூரத்தை நடப்பது நல்லது. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் கூட்டமே நிற்க வேண்டும். நெடுநடையில் முதல் விதி இதுதான். அன்று அந்த விதி இல்லை. அரிசி தீருமுன் தோட்டம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், நடக்க முடியாதவர்கள் பாதை ஓரத்தில் விடப்பட்டார்கள். அப்படியே மாண்டவர்கள் அநேகர்.

பார்த்தீர்களா? நல்ல சப்பாத்து, சுத்தத் தண்ணீர், அளவான சுமை, காத்திருக்கும் துணை. இன்றைக்கு நாம் எழுதுகிற தயாரிப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் அன்றைக்கு ஒரு சாவுக்குக் காரணம். காலராவும் காய்ச்சலும் கொன்றதாகப் புத்தகங்களில் படிக்கிறோம். படித்தால் ஒரு வரியில் முடிந்து விடுகிறது. நான்காம் நாள் காலையில் தாகத்தோடு நடக்கிறவருக்கு அந்த ஒரு வரி முழுவதும் விளங்கும்.

நம் பாட்டன்மார் நடந்ததும்

இது இலங்கைக்காரர் கதை, நமக்கு என்ன என்று சொல்லி விடாதீர்கள். ஜப்பானியர் காலத்தில், 1942-லும் 1943-லும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காக. பான்போங் வரை ரயிலில் அடைத்துக் கொண்டு போய், அங்கிருந்து காட்டு முகாம்களுக்கு மழையிலும் சேற்றிலும் நடக்க வைத்தார்கள். அங்கேயும் காலரா, அங்கேயும் கெட்ட தண்ணீர். போனவர் திரும்பாத வீடு எத்தனையோ தோட்டங்களில் உண்டு. 'சயாமுக்குப் போன தாத்தா' என்ற பேச்சு உங்கள் வீட்டில் அடிபட்டிருந்தால், அந்தப் பேச்சுக்கு உரியவர் எங்கே இறங்கினார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

கேட்க வேண்டிய நேரம் இதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து விட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி விட்டன. லயம் இருந்த இடம் எது, ஆயாக் கொட்டகை எது, பெரட்டுக் களம் எது என்று விரல் நீட்டிக் காட்டக் கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சின்ன யோசனை

இலங்கைக்குப் போய் 16 நாள் நடக்க எல்லோராலும் முடியாது. வருகிற பள்ளி விடுமுறையில், உங்கள் குடும்பம் முன்பு இருந்த தோட்டத்திலிருந்து பட்டணம் வரை, பெரியவர்கள் சந்தைக்கோ சினிமாவுக்கோ நடந்து வந்த பழைய வழியில், பிள்ளைகளோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். தோட்டத்து எல்லைக்குள் போவதற்கு நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். பெரிய சாலையில் நடக்கும்போது வாகனம் எதிரே வருவது கண்ணில் படும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். நடக்க இயலாத தாத்தாவையும் பாட்டியையும் காரில் ஏற்றி, நீங்கள் தங்கும் இடங்களில் வந்து காத்திருக்கச் செய்யுங்கள். அந்தந்த இடத்தின் பழைய பெயரை அவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்ளட்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. இந்த வியாதி நம் நாட்டில் இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்று சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உங்கள் பாதம் மரத்துப் போயிருக்கலாம்; கொப்புளம் உடைந்தாலும் வலி தெரியாது. அந்தச் சிறு புண்ணால் காலையே இழந்தவர்கள் உண்டு. புறப்படுமுன் கிளினிக்கில் காலைக் காட்டி, நடக்கலாமா என்று கேளுங்கள். வெறுங்காலோடு ஓர் அடியும் வைக்காதீர்கள். தங்கும் இடத்திலெல்லாம் காலுறையைக் கழற்றி, மகனையோ மருமகளையோ உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

நடந்து முடித்த அன்று இரவு எல்லோருக்கும் வெந்நீர் வைத்துக் கால் நனைக்கக் கொடுங்கள். இனிப்பு நீர் உள்ளவர் மட்டும் அதில் காலை வைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்துக் கொண்டால் போதும். பிள்ளைகள் எழுதிய நோட்டை அப்போது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் திருத்தம் சொல்வார்கள். 'அது அந்த ஆறு இல்லை, அடுத்த ஆறு' என்பார்கள். அந்தத் திருத்தத்தையும் எழுதிக் கொள்ளுங்கள். பிறகு ஒரு பிரதி எடுத்து எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.