ஒரே பாட்டில் வந்த புகழா?

அமெரிக்காவின் ஆர்.இ.எம். ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால், 'லூசிங் மை ரிலிஜியன்' என்ற ஒரே பாட்டில் உச்சிக்குப் போனவர்கள் என்று பலரும் சொல்கிறார்கள். 1991-இல் வெளியான அந்த சிங்கிள் அமெரிக்கத் தரவரிசையில் 4-ஆம் இடத்தைத் தொட்டது உண்மை. அவர்களுடைய வேறெந்தப் பாட்டும் அங்கே அவ்வளவு உயரம் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரே பாட்டில் வந்த புகழ் என்று சொன்னால், அதற்கு முந்தைய பத்தாண்டு உழைப்பு கணக்கில் வராமலே போய்விடும்.

ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஏதென்ஸ், பல்கலைக்கழக நகரம். 1980-இல் மைக்கேல் ஸ்டைப், பீட்டர் பக், மைக் மில்ஸ், பில் பெர்ரி நால்வரும் அங்கேதான் ஒன்றுசேர்ந்தார்கள். மறு வருடமே முதல் சிங்கிள் வந்தது. ஊர் ஊராகப் போய்ச் சிறிய இடங்களில் வாசித்தார்கள். பெரிய வானொலி நிலையங்கள் கண்டுகொள்ளாத அந்த நாட்களில் கல்லூரி வானொலிகள்தான் அவர்களைத் தாங்கின. 1987-இல்தான் ஒரு பாட்டு முதல் 10-க்குள் நுழைந்தது. மறு வருடம் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. 'லூசிங் மை ரிலிஜியன்' இடம்பெற்ற 'அவுட் ஆஃப் டைம்' அவர்களுடைய 7-ஆவது ஆல்பம்.

பெரிய நிறுவனத்துக்குப் போனதும் சந்தைக்காகப் பாட்டுப் போட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பாட்டு பிறந்த விதத்தைப் பார்த்தாலே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கிதார் கலைஞரான பக், புதிதாக வாங்கிய மாண்டலினைப் பழகிக்கொண்டிருந்தார். டி.வி. ஓடிக்கொண்டிருக்க, மனம்போன போக்கில் வாசித்ததையெல்லாம் ஒலிநாடாவில் பதிவு செய்தார். மறுநாள் போட்டுக் கேட்டபோது, தட்டுத் தடுமாறிய பயிற்சிக்கு நடுவே இந்த மெட்டு இருந்தது. கூடிப் பாடுவதற்கென்று தனியே எடுப்பான பல்லவி கிடையாது. மின்கிதாரின் முழக்கமும் கிடையாது. மதத்தைப் பற்றிய பாட்டு என்று பலர் நினைத்தாலும், ஒருதலைக் காதலின் தவிப்புதான் பொருள் என்று ஸ்டைப் விளக்கியிருக்கிறார். இதை முதல் சிங்கிளாக வெளியிட நிறுவனமே தயங்கியது.

ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் இயக்கிய வீடியோ பாட்டை இன்னும் பரவலாகக் கொண்டுபோனது; அந்த வருட எம்டிவி விழாவில் 6 விருதுகள் கிடைத்தன. ஆனால் வந்த கூட்டத்தைத் தக்கவைத்தது வீடியோ அல்ல. அந்த ஆல்பத்துக்காக அவர்கள் சுற்றுப்பயணமே போகவில்லை. மறு வருடமே, மரணத்தையும் இழப்பையும் பேசும் 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' ஆல்பத்தைத் தந்தார்கள். வெற்றி பெற்ற பாட்டை அச்செடுக்காமல் அடுத்த தேடலுக்குப் போனதால்தான், பெர்ரி 1997-இல் விலகிய பிறகும் 2011 வரை அந்தக் குழு நீடித்தது.

எனவே இந்த சிங்கிளை அவர்களின் தொடக்கமாகவும் எண்ண வேண்டாம், சமரசமாகவும் எண்ண வேண்டாம். பத்தாண்டுகளாகத் தங்கள் வழியிலேயே வாசித்து வந்தவர்களிடம் உலகம் வந்துசேர்ந்த இடம் அது. கேட்டுப் பிடித்துப்போனவர்கள் அத்தோடு நிற்காமல், 1983-இல் வந்த முதல் ஆல்பமான 'மர்மர்' வரை பின்னோக்கிப் போய்க் கேட்க வேண்டும். அந்தப் பாட்டின் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் விளங்கும்.