கரண்ட்டும் வேணும், கணக்கும் வேணும்: அணு உலை விரிவாக்கம் பற்றி பாலாற்றங்கரையிலிருந்து சில கேள்விகள்



"அணு உலை பத்தி வாலாஜாபாத்துக்காரங்களுக்கு என்ன கவலை? அது கடலோரத்து விஷயம்"னு சிலர் கேட்கிறாங்க. அவங்களுக்கு முதல்ல ஒரு கணக்கு சொல்லிடுவோம்.

கல்பாக்கம் நம்ம ஊரிலிருந்து நேர்கோட்டில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனியாகப் பிரியும் வரை அதுவும் நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்தான். திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு போகிற நம்ம பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம்தான் கடலில் கலக்குது. மாவட்டத்தைப் பிரிச்சாங்க. ஆற்றையும் காற்றையும் யாரும் பிரிக்கல.

இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. 2047-க்குள் நாட்டின் அணுமின் திறன் 1 லட்சம் மெகாவாட் ஆகணுமாம். சிறிய அணு உலைகளுக்கான ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய். 2033-க்குள் குறைந்தது 5 சிறிய உலைகள். 2025-ல் நம்மிடம் இருந்தது 9,000 மெகாவாட்டுக்கும் கீழே. 1969-ல் தாராப்பூரில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்துக் கட்டியது அவ்வளவுதான். அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் 2047-க்குள் கட்டப் போறாங்களாம்.

அதற்குப் பாதை போடத்தான் 2025 டிசம்பரில் 'சாந்தி' சட்டம் வந்தது. டிசம்பர் 15 அறிமுகம், 17 மக்களவை, 18 மாநிலங்களவை. நாலே நாளில் முடிஞ்சது. நிலைக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ அனுப்புங்கன்னு எதிர்க்கட்சிகள் கேட்டும் அனுப்பல. 1962-ன் அணுசக்திச் சட்டமும் 2010-ன் இழப்பீட்டுச் சட்டமும் ஒரே மூச்சில் போயின. இனி தனியார் கம்பெனிகளும் அணுமின் நிலையம் நடத்தலாம்.

ஒன்றை நேர்மையா சொல்லிடணும். மின்சாரம் வேண்டாம்னு நாம சொல்லல. 2012-ல் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போச்சுன்னு மறந்தவங்க யாரும் இல்லை. மும்முனை மின்சாரம் எப்ப வரும்னு நடுராத்திரியில் மோட்டார் கொட்டகையில் காத்துக் கிடந்த விவசாயிக்கு மின்சாரத்தோட அருமையை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் வளர வளர இது இன்னும் ஏறும். நிலக்கரிப் புகை இல்லாமல், இரவு பகல் பார்க்காமல் ஓடுவது அணு உலை. அதையும் மறுக்கல. கல்பாக்கத்தில் 1980-களிலிருந்து உலை ஓடுது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தபோதும், ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பத்திரமா நிறுத்தினாங்க. அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களின், பொறியாளர்களின் திறமை மேல் நமக்குச் சந்தேகம் இல்லை.

நம்ம கேள்விகள் எல்லாம் அரசைப் பார்த்துத்தான்.

முதல் கேள்வி: விபத்து நடந்தா யார் பணம் கட்டுவாங்க?

2010 சட்டத்தில் 17(ஆ) என்று ஒரு பிரிவு இருந்தது. உலைக்குப் பழுதான கருவியை ஒரு கம்பெனி விற்று, அதனால் விபத்து நடந்தா, இழப்பீடு கட்டிய இயக்குநர் அந்தப் பணத்தை விற்ற கம்பெனியிடம் திருப்பிக் கேட்கலாம். போபாலில் 1984-ல் நாம பட்ட பாட்டிலிருந்து வந்த பிரிவு அது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பாதித்த விஷவாயுவுக்கு, 1989-ல் 47 கோடி டாலரோடு கணக்கை முடிச்சாங்க. அப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாதுன்னு 2010-ல் வற்புறுத்தியவர்களில் அன்று எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவும் உண்டு, இடதுசாரிகளும் உண்டு.

இன்று அதே பாஜக அரசின் 'சாந்தி' சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் கேட்கலாம், இல்லையென்றால் வேண்டுமென்றே சேதம் செய்திருக்கணும். இயக்குநரின் பொறுப்புக்கும் உச்சவரம்பு உண்டு: மிகப் பெரிய உலைக்கு 3,000 கோடி ரூபாய், மிகச் சிறிய உலைக்கு 100 கோடி. புகுஷிமாவில் 2011 விபத்துக்காக இதுவரை கொடுத்த இழப்பீடு 10 லட்சம் கோடி யென்னுக்கு மேல். நம்ம பணத்தில் 5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். ஒரு பக்கம் 5 லட்சம் கோடி, மறுபக்கம் 3,000 கோடி. நடுவில் இருக்கும் பள்ளத்தில் யார் விழுவாங்க? லாபம் கம்பெனிக்கு, ஆபத்து ஊருக்கு என்றால் அதற்குப் பேர் சாந்தியா?

உலை அவ்வளவு பாதுகாப்பானது என்றால், அதை விற்கிறவன் பொறுப்பேற்க ஏன் பயப்படணும்?

இரண்டாவது கேள்வி: எங்க ஊருக்குத் திட்டம் என்ன?

நம்ம நாட்டில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டரை அவசரகாலத் திட்டப் பகுதி என்று வைத்திருக்காங்க. புகுஷிமாவில் 20 கிலோமீட்டர் வரை மக்களை வெளியேற்றினாங்க. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனாங்க. அமெரிக்க அரசு தன் குடிமக்களை 80 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொன்னது. கல்பாக்கத்தை மையமா வச்சு 80 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்க. செங்கல்பட்டு, உத்திரமேரூர், வாலாஜாபாத், காஞ்சிபுரம், சென்னை எல்லாமே உள்ளே வந்துடும்.

அப்படி நடக்கும்னு பயமுறுத்தல. நடந்தா என்ன செய்யணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலையேன்னு கேட்கிறோம். பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைக்கணுமா, வண்டி எங்கே வரும், கிணற்றுத் தண்ணியைக் குடிக்கலாமா, மாட்டுக்கு என்ன தீவனம்? இதற்குப் பதில் தமிழில், நம்ம பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் இருக்கணும்.

மூன்றாவது கேள்வி: கழிவு எங்கே போகும்?

கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை நிறுத்தச் சொல்லல. ஆனால் 15 கட்டளைகள் போட்டது. எரிந்து முடிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கத் தனி இடம் வேணும், நிரந்தரமாகப் புதைக்க நிலத்தடிக் கிடங்கை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அமைக்கணும், போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயலணும் என்பதெல்லாம் அதில் உண்டு. தனி இடத்துக்கு ஐந்து வருஷம் கெடு இருந்தது. அது முடிஞ்சதும் 2022 வரை அவகாசம் வாங்கினாங்க. இரண்டு உலைக்கே இந்த நிலைமை என்றால், 1 லட்சம் மெகாவாட்டின் கழிவுக்கு என்ன வழி?

வேகத்தையும் செலவையும் பார்ப்போம். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. 2010-ல் முடியணும். எரிபொருள் நிரப்பும் வேலைக்குப் பிரதமர் வந்து நின்றதே 2024 மார்ச்சில்தான். 3,492 கோடின்னு ஆரம்பிச்ச செலவும் கிட்டத்தட்ட இரட்டிப்பாச்சு. கூடங்குளம் முதல் இரண்டு உலைகள் 13,171 கோடியில் தொடங்கி 22,462 கோடியில் நின்றன. இதே காலத்தில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று ஆடியில் வீசும், மார்கழியில் ஓயும். சூரியன் ராத்திரியில் இல்லை. அதனால்தான் குந்தா போன்ற நீரேற்று மின்நிலையங்களும் பேட்டரி சேமிப்பும் வேணும். அந்த வேலைக்கு இதே அவசரத்தைக் காட்டுங்கன்னு கேட்கிறோம்.

கடைசியா, மக்களைக் கேட்பது பற்றி.

கேள்வி கேட்ட இடிந்தகரை மீனவர்களுக்கு என்ன கிடைச்சது? ஆயிரக்கணக்கானவங்க மேல தேசத்துரோக வழக்கு. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லைன்னு விலக்கு கொடுத்தது. குமரி மாவட்டம் கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் இருக்கிற நேரத்தில் இந்த விலக்கு.

நம்ம உத்திரமேரூர் கோயில் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பராந்தகச் சோழன் காலத்தில், குடவோலை விதிகளை வெட்டி வச்சாங்க. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரவே முடியாதுன்னு அதில் இருக்கு. கணக்குக் கேட்பது தேசத்துரோகம் இல்லை, தோழர்களே. இந்த மண்ணில் அதுதான் ஆட்சிமுறை.

நம்ம கோரிக்கைகள்:

1. பழுதான கருவியை விற்கும் கம்பெனியைப் பொறுப்பாக்கும் பிரிவை மறுபடி சட்டத்தில் சேர்க்கணும். இழப்பீட்டு உச்சவரம்பை உயர்த்தணும்.

2. கல்பாக்கத்தின் அவசரகாலத் திட்டத்தைத் தமிழில் வெளியிடணும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டு மாவட்ட மக்களுக்கும் விளக்கணும்.

3. 2013 தீர்ப்பின் 15 கட்டளைகளில் எது நிறைவேறியது, எது இல்லைன்னு ஒன்றிய அரசு வெள்ளை அறிக்கை தரணும்.

4. கிராம சபையும் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லாமல் புதிய உலையும் வேண்டாம், அணுக் கனிமச் சுரங்கமும் வேண்டாம்.

வாலாஜாபாத், உத்திரமேரூர் ஒன்றியத் தோழர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்க. இரண்டாவது கோரிக்கையைத் தீர்மானமாக முன்மொழியுங்க. பேச்சு சூடானாலும் மரியாதை குறைய வேண்டாம். கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவங்களும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலைப் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்க. எத்தனை ஊர்னு நாமே எண்ணி, பட்டியலை இரண்டு மாவட்ட ஆட்சியர்களிடமும் நேரில் கொடுப்போம்.

#கரண்ட்டும்_வேணும்_கணக்கும்_வேணும் #கல்பாக்கம் #பாலாறு