குதிரைக்கு முன் பிளாஷ் வேண்டாம்

ஹைதராபாத்தில் மாதத் தவணையில் புதுக் காமிரா வாங்கிய குமாஸ்தா ஒருவர், கூரைக்குக் கீழ் நடக்கும் குதிரைத் தாண்டல் போட்டியைப் படம் பிடிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு வந்து பார்த்தால் குதிரை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல். மறுநாளே பிளாஷ் வாங்கக் கோட்டி கடைத்தெருவுக்குக் கிளம்புவார். அந்தச் செலவு வீண், ஆபத்தும் கூட.

குதிரையின் கண் மங்கல் ஒளிக்கு ஏற்றது. வெளிச்சம் சட்டென்று மாறினால் பழகிக்கொள்ள மனிதக் கண்ணை விட நேரம் பிடிக்கும். தடையைத் தாண்டக் காலெடுக்கும்போது முகத்துக்கு நேரே மின்னலடித்தால் அது மிரளும். மேலே உட்கார்ந்திருப்பது பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம். ஒரு படத்துக்காக அந்தப் பிள்ளையின் எலும்பைப் பணயம் வைப்பது எந்த ஊர் நியாயம்?

தீற்றலுக்குக் காரணம் எளிய கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை, ஷட்டர் 1/60 நொடி திறந்திருக்கும்போதே 9 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. 1/500 என்றால் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கு வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு உயர்த்தலாம். படத்தில் மணல் தூவியது போலிருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பிளாஷுக்கு ஒதுக்கிய பணம் எஃப் 1.8 லென்ஸுக்குப் போகலாம். எஃப் 5.6ஐ விட அது சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

முன்னோர்களுக்கு இந்த வசதி ஏது? 1878ல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ், ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுவதைப் படத்தில் காட்ட 12 காமிராக்களை வரிசையாக வைத்தார், அதுவும் பட்டப்பகலில். ஆறாம் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன்தயாள் இதே நகரில் அரண்மனைக் கூடங்களை எடுத்த காலத்தில், உள்ளறைப் படத்துக்கு லென்ஸ் மூடியை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. குதிரை நிற்குமா?

புதியவர் முதல் நாள் காமிராவைப் பையிலேயே வைத்துவிட்டுக் குளம்போசையைக் கேட்கட்டும். நடைக்கு நாலு தட்டு, டிராட்டுக்கு இரண்டு, காண்டருக்கு மூன்று. மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய வித்தையல்ல. தாண்டலின் உச்சியில் குதிரை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. எதிரே சற்றுச் சாய்வாக நின்றால் அந்தக் கணத்துக்கு 1/250 கூடப் போதலாம். ஆனால் உச்சியைக் கண்ட பிறகு அழுத்தினால் குதிரை இறங்கியிருக்கும். ஒரு கண்ணிமைப்பு முந்தி அழுத்த வேண்டும்.