பார்வையற்றவரின் விசைப்பலகையும் படிக்க முடியாத படிவமும்

கடந்த வாரம் செட்டிபாளையத்தில் எங்கள் விறாந்தை மேசையில் இரண்டு விசைப்பலகைகள் கிடந்தன. மச்சானுக்கு ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். 2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வரும்போது எறிகணை வீழ்ந்து இரு கண்களின் பார்வையையும் இழந்தவர் அவர். வலக்கைச் சுண்டுவிரலும் சரியாக மடங்காது. காணாமலாக்கப்பட்ட தம்பியைப் பற்றிய கடிதங்களை இதுவரை பிறரைக் கொண்டே எழுதுவித்தார். தான் சொல்லாததையும் சேர்த்து விடுகிறார்கள் என்பது அவரது மனக்குறை. இனித் தானே எழுதப் போகிறாராம்.

மலிவான ரப்பர் விசைப்பலகையில் அடிமட்டம் வரை அழுத்த வேண்டும். எழுத்து எப்போது விழுந்தது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியாது. மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிச், தனி ஸ்பிரிங். செரி நிறுவனத்தின் நீல சுவிச் 'டிக்' என்று ஒலிக்கும். பழுப்பு சுவிச்சில் அந்த ஒலி இல்லை. 4 மில்லிமீற்றர் இறங்கும் விசையில் ஏறத்தாழப் பாதி வழியில் சிறு தடையொன்று விரலில் தட்டுப்படும். எழுத்தும் அவ்விடத்திலேயே பதிவாகிவிடும்.

எனக்கு நீலம்தான் பிடித்தது. பழைய தட்டச்சுப் பொறியின் ஞாபகமாக இருக்கலாம். மச்சானோ கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, "இந்தச் சத்தத்தில அவன் வாசிக்கிறது கேக்குதில்ல" என்றார். 'அவன்' என்றது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை. நீலத்தின் தடை சற்றுக் கனமும்கூட. பாமினி முறையில் புள்ளி வலது சுண்டுவிரலுக்குரிய விசையில் இருக்கிறது. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது. அதை மோதிர விரலால் அடிக்கப் பழகினார். பழுப்பே முடிவானது.

பிரச்சினை அதோடு தீரவில்லை. அலுவலகமொன்றிலிருந்து வந்த படிவம் பாமினி எழுத்துருவில் இருந்தது. அதில் 'அம்மா' என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டால் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்கிறது மென்பொருள். கண்ணுக்குத்தான் அது தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துகள். அதே படிவத்தை யுனிகோட்டுக்கு மாற்றச் சில நிமிடங்கள் போதும், செலவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்தது 2016இல். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. இரண்டுக்கும் உரியவரான ஒருவரால் தனக்கு வந்த படிவத்தை வாசிக்க முடியவில்லை.

கடைசியில் கேள்விகளை நான் வாசித்தேன். பதில்களை மச்சான் தட்டினார், தம்பியின் பெயரிலிருந்து.