மொட்டை மாடி ரசிகர்கள்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 20-ஆவது தெரு என்று ஒரு தெரு. ஒரு சாரியில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வீடுகள். எதிர்ச் சாரியில் ஷைப் பார்க் என்ற பேஸ்பால் மைதானம். 1909-ல் கட்டியது. அந்தப் பக்கத்து மதில் 12 அடி உயரந்தான். அப்புறம் கேட்பானேன்? மொட்டை மாடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே! முதலில் வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு மாமன், மச்சான், சிநேகிதர்கள் வந்தார்கள். கடைசியில் மாடியிலே பெஞ்சுகளை அடுக்கி, தலைக்கு இவ்வளவு என்று வசூலே ஆரம்பித்துவிட்டது.

பார்த்துக்கொண்டே இருந்தார், உள்ளூர் அணியை நடத்திவந்த கோனி மாக் என்பவர். அமெரிக்கா முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. மைதானத்துக்குள்ளே ஆசனங்கள் காலி. வெளியே மாடிகளில் திருவிழாக் கூட்டம். 1935-ல் அந்த மதிலை 34 அடியாக உயர்த்திவிட்டார். ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வயிற்றெரிச்சல் மதில்' என்று வரும். மாடிகள் இருண்டன; ஆனால் கஜானா நிரம்பவில்லை. 1954-ஆம் வருஷத்து ஆட்டங்களோடு அணியே மூட்டை கட்டிக்கொண்டு கான்ஸாஸ் சிட்டிக்குப் போய்விட்டது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? உங்கள் பெண்ணோ பிள்ளையோ அங்கே இருந்து, நீங்கள் ஆறு மாதம் போய்த் தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மாப்பிள்ளை, "மாமா, பேஸ்பால் பார்க்கப் போகலாமா?" என்பார். நீங்கள் டாலரை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு முழங்கால் வலி, நீங்கள் போய் வாருங்கள்" என்பீர்கள். அங்கேயே பிறந்து, மாதச் சம்பளத்தில் நாலு பேர் குடும்பத்தை ஓட்டுகிற மனிதருக்கும் இதே முழங்கால் வலி உண்டு! டிக்கெட், கார் நிறுத்தக் கூலி, குழந்தை கேட்கிற ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் கூட்டினால் யாருக்குத்தான் வலிக்காது?

ஆனால் பேஸ்பாலில் ஏழைக்கு ஒரு சகாயம் இருக்கிறது. பெரிய லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணியும் மார்ச் மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் 81 சொந்த ஊரில். மைதானத்தில் 40,000 ஆசனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருஷத்தில் 32 லட்சம் ஆசனங்களை விற்றாக வேண்டும்! செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஏப்ரல் மாதக் குளிரில், தோற்றுக்கொண்டே இருக்கிற அணி ஒன்று விருந்தாளியாக வந்தால் யார் போவார்கள்? நீங்கள் போக வேண்டியது அன்றைக்குத்தான். ஒரு கம்பளிப் போர்வையும் எடுத்துப் போங்கள்.

முன்பெல்லாம் ஓர் ஆசனத்துக்கு வருஷம் பூராவும் ஒரே விலை. 2009-ல் சான் பிரான்சிஸ்கோ அணி, கறிகாய்க்கடை மாதிரி, கிராக்கிக்குத் தகுந்தபடி விலையை ஏற்றி இறக்கிப் பரீட்சை பார்த்தது. மற்ற அணிகளும் பிடித்துக்கொண்டன. நியூயார்க் யாங்கீஸ் வருகிற சனிக்கிழமையும், தலையாட்டிப் பொம்மை இனாம் தருகிற நாளும் விலை உச்சிக்குப் போய்விடும். அந்த நாட்களைக் கும்பிட்டு ஒதுங்கிவிடுங்கள். இன்னொன்று: கம்ப்யூட்டரில் டிக்கெட் வாங்கும்போது கடைசி நிமிஷத்தில் 'சேவைக் கட்டணம்' என்று தலையில் கட்டுவது வழக்கமாக இருந்தது. 2025 மே மாதத்திலிருந்து மொத்த விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்திருக்கிறது. எனவே முதலில் தெரிகிற தொகையை நம்பிக் கணக்குப் போடலாம்.

எந்த ஆசனம் வாங்குவது? நம் டூரிங் கொட்டகையில் திரைக்குக் கிட்டே இருப்பது தரை டிக்கெட். தூரப் போகப் போக விலை ஜாஸ்தி. பேஸ்பாலில் தலைகீழ். பந்தை அடிக்கிறவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்து ஆசனத்துக்குத்தான் யானை விலை. அதே இடத்துக்கு நேர் மேலே, உச்சி மாடத்துக்குப் போய்விடுங்கள். விலை நாலில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். என் அபிப்பிராயத்தில் ஆட்டம் புரிய வேண்டுமானால் அதைவிட நல்ல இடம் கிடையாது. எறிகிறவர் கையைவிட்டுப் பந்து கிளம்புவது, அது வளைவது, தூரத்தில் நிற்கிறவர்கள் நாலடி இப்படி நாலடி அப்படி நகர்ந்துகொள்வது, எல்லாம் சதுரங்கப் பலகை மாதிரி தெரியும். டென்வர் நகரத்து மைதானத்தில் மேல் மாடத்தின் 20-ஆவது வரிசை மட்டும் ஊதா நிறம். கடல் மட்டத்துக்கு மேல் சரியாக ஒரு மைல், அதாவது 5,280 அடி, உயரம் அங்கேதான் என்று அடையாளம்! மலிவான டிக்கெட்டில் ஒரு மைல் உயரம் ஏறிவிடலாம்.

மற்றொரு மலிவு இடம், எதிர்க் கோடியில் கூரையில்லாத பெஞ்சுகள். 'ப்ளீச்சர்ஸ்' என்பார்கள். வெயிலில் பலகை வெளிறிப் போவதால் வந்த பெயர். வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் அடிபட்ட பந்து வந்து விழுவது அங்கேதான். பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் இந்தப் பக்கத்தில் ஒரே ஓர் ஆசனம் சிவப்பு. 1946 ஜூன் 9-ஆம் தேதி டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து வந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்துவிட்டது. தொப்பி போனது போனதுதான். விழுந்த பந்தைப் பிடித்தவரே வைத்துக்கொள்ளலாம் என்பது இன்றைய வழக்கம். முன்பு திருப்பிக் கேட்பார்கள். 1921-ல் நியூயார்க்கில் ஓர் இளைஞர், பந்தைத் தர மாட்டேன் என்றதற்காக வெளியேற்றப்பட்டார். வழக்குப் போட்டு 100 டாலரும் வாங்கிவிட்டார்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். பல மைதானங்களில் வீட்டிலிருந்து சாப்பாடும், திறக்காத தண்ணீர்ப் பாட்டிலும் கொண்டுபோக அனுமதி உண்டு. சில இடங்களில் கிடையாது. பை கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய வேண்டும் என்றும் சில இடங்களில் நிபந்தனை. முன்கூட்டியே விசாரித்துவிட்டு எலுமிச்சம்பழ சாதத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். கார் வேண்டாம். சிகாகோவில் ரயில் ரிக்லி ஃபீல்டு வாசலிலேயே விடும். லாஸ் ஏஞ்சல்ஸில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து, ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் பஸ் இனாம். 2023-ல் எறிகிறவருக்குக் கடிகாரம் வைத்ததிலிருந்து ஆட்டம் சுமார் 2 மணி 40 நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியதில்லை. மழைக்கும் பயம் வேண்டாம். பொதுவாக 5 இன்னிங்ஸ் முடிவதற்குள் ஆட்டம் கைவிடப்பட்டால் அதே டிக்கெட் வேறொரு நாளைக்குச் செல்லும். 'ரெயின் செக்' என்ற இங்கிலீஷ் பிரயோகமே இந்த மைதானங்களில் பிறந்ததுதான்.

மலிவு அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1974 ஜூன் 4-ஆம் தேதி கிளீவ்லாந்தில், 65 காசு பீர் இன்று 10 காசு என்று அறிவித்தார்கள். வந்தவர்கள் 25,000-க்கு மேல். ஒன்பதாவது இன்னிங்ஸில் சமநிலை. ஆட்டம் சூடு பிடிக்க வேண்டிய நேரத்தில் ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கி அமளி! நடுவர், வந்த அணிக்கே வெற்றி என்று கையை விரித்துவிட்டார். பிலடெல்பியாவில் ஒரு டாலருக்கு ஹாட் டாக் விற்கிற இரவு என்று ஒன்று இருந்தது. 2023-ல் சிலர் அதைத் தின்னாமல் ஒருவர் மேல் ஒருவர் வீசி விளையாடினார்கள். அடுத்த வருஷமே அந்த ஏற்பாடு நின்றது. நாலு பேர் செய்த கூத்துக்கு நாற்பதாயிரம் பேர் அபராதம் கட்டுவது எந்த ஊரிலும் உள்ளதுதானே!

ஒரு சல்லிக்காசும் இல்லை என்றால்? சிகாகோவில் ரிக்லி ஃபீல்டைச் சுற்றியும் மொட்டை மாடிகள் இருந்தன. அவர்கள் மதில் எழுப்பிச் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல், 2004-ல், மாடி வசூலில் 17 சதவிகிதம் அணிக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். புத்திசாலிகள்தான். ஆனால் அந்த மாடிகள் இப்போது ஏழைக்கு எட்டுகிற விலையில் இல்லை.

எனக்குப் பிடித்தது சான் பிரான்சிஸ்கோ. 2000-ல் கடலோரத்தில் மைதானம் கட்டினபோது வலது பக்கத்துச் சுவரில் வளைவு வளைவாகத் திறப்பு விட்டு, கம்பி வலை போட்டுவிட்டார்கள். நடைபாதையில் போகிறவர் யாரும் நின்று பார்க்கலாம், காசு கேட்க மாட்டார்கள். கூட்டம் சேர்ந்தால் மட்டும் ஒருவருக்கு மூன்று இன்னிங்ஸ். பிறகு பின்னால் காத்திருப்பவருக்கு இடம் விட வேண்டும்.

குழந்தைகள் கூட இருந்தால் நான் சொல்வது சிறிய லீக்குகள். பெரிய அணிகளுக்கு ஆள் தயார் செய்யும் 120 அணிகள், சின்னச் சின்ன ஊர்களில். டிக்கெட் கொஞ்சம், கார் நிறுத்துவதும் பல ஊர்களில் மலிவு. நாளைய நட்சத்திரம் பத்தடி தூரத்தில் நின்று குழந்தையின் தொப்பியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளை மைதானத்துக்குள் விடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் ஓடிய அதே தடத்தில் அவர்களும் ஒரு சுற்று ஓடலாம். அதற்குத் தனி டிக்கெட் கிடையாது.